புல்வெட்டி வண்டியின் ஸ்டீயரிங் ஆடினால், கியரை மாற்றுவதற்கு முன்

கேள்வி இதுதான்: அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி, பல ஆண்டுகள் உழைத்தது. ஸ்டீயரிங்கின் விளிம்பை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் திருப்பிய பிறகுதான் முன்சக்கரங்கள் அசையத் தொடங்குகின்றன. நேராகப் போகும்போது வண்டி இரு பக்கமும் அலைகிறது. முழுதாக வளைக்கும்போது மட்டும் இறுக்கமாக இருக்கிறது. ஸ்டீயரிங் கியரை, அதாவது அதன் பல்சக்கரங்களை, மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், இறுக்கினாலே போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைச் செய்வது?

கியர் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. நடுவில் தளர்வும் இரு ஓரங்களில் இறுக்கமும் இருந்தால் அது கியர் தேய்மானத்தின் தெளிவான அடையாளம். ஆனால் கியரை மட்டும் மாற்றினால் இந்த 10 சென்டிமீட்டர் ஆட்டத்தில் ஒரு பகுதிதான் போகும். மீதி எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகு உதிரிபாகம் வாங்குங்கள். பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை, உதவிக்கு ஒரு ஆள் இருந்தால் போதும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு ஷாஃப்ட் கீழே இறங்குகிறது. அதன் அடியில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இருக்கிறது. அது விசிறி வடிவில் உள்ள ஒரு பெரிய பல்தகட்டைத் திருப்புகிறது. இதற்குச் செக்டர் என்று பெயர். செக்டரிலிருந்து டிராக் லிங்க் என்ற இரும்புக் கம்பி முன்னோக்கிச் சென்று, முன்சக்கரம் மாட்டியிருக்கும் ஸ்பிண்டிலின் கையைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. சில வண்டிகளில் இரு பக்கத்துக்கும் தனித்தனி லிங்க் இருக்கும். சிலவற்றில் ஒரே லிங்க் ஒரு சக்கரத்தைத் திருப்ப, குறுக்கே போகும் டை ராட் மறு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும். ஸ்பிண்டில் ஆக்சிலுக்குள் ஒரு புஷ்ஷில், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் குழாய் போன்ற வளையத்தில், சுழல்கிறது. ஆக்சிலோ நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்கி, மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. இத்தனை இடங்களிலும் பாகங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. காரில் இருப்பதுபோல மூடிய பெட்டி இதில் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் பினியனும் செக்டரும் வெட்டும் தளத்துக்கு (பிளேடு சுழலும் அடிப்பகுதிக்கு) மேலே திறந்தபடியே இருக்கின்றன. புல் துகளும் மண்ணும் நேராக அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஸ்டீயரிங்கின் ஆரம் 170 மி.மீ., பினியனின் ஆரம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பல்லில் உள்ள இடைவெளி உங்கள் கையில் எட்டரை மடங்காகத் தெரியும். பல்லுக்குப் பல் 3 மி.மீ. தளர்வு இருந்தால் விளிம்பில் ஏறத்தாழ 25 மி.மீ. ஆட்டம். செக்டரின் சுழற்சி மையத்திலிருந்து பல் 120 மி.மீ. தள்ளியும், லிங்க் மாட்டும் ஓட்டை 60 மி.மீ. தள்ளியும் இருந்தால், லிங்க்கில் ஏற்படும் தளர்வு பல்லருகே இரண்டு மடங்காகும். ஆகவே லிங்க்கின் ஒரு முனையில் வெறும் ஒன்றரை மி.மீ. தேய்ந்திருந்தாலே விளிம்பில் இன்னொரு 25 மி.மீ. சேர்ந்துவிடும். மறுமுனையும் அதே அளவு தேய்ந்திருந்தால் மேலும் 25 மி.மீ. உங்கள் வண்டியின் அளவுகள் வேறாக இருக்கலாம், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. நீங்கள் சொல்லும் 10 சென்டிமீட்டரில் கியரின் பங்கு கால்வாசிதான் இருக்கக்கூடும். விலை உயர்ந்த பாகத்தை மாற்றிய பிறகும் முக்கால்வாசி ஆட்டம் அப்படியே இருக்கிறதே என்று பலர் மனம் நொந்துபோவது இதனால்தான்.

வண்டியைத் தொடும் முன் சில காரியங்கள் கட்டாயம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். பார்க்கிங் பிரேக்கைப் போட்டுப் பின்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கினால் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டாதீர்கள். வண்டியைச் செங்குத்தாகவோ பக்கவாட்டிலோ சாய்த்து வைத்து வேலை செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் கசியும், எஞ்சின் எண்ணெய் போகக்கூடாத இடத்துக்குப் போகும், வண்டி உருளவும் கூடும். வெட்டும் தளத்தைக் கழற்றி எடுத்துவிட்டால் அடியில் போதிய இடம் கிடைக்கும். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனாலும் அதையே செய்யுங்கள்.

சோதனையை வண்டி தரையில் நிற்கும்போதே தொடங்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிவிட்டால் எதிர்ப்பு இருக்காது, எல்லாம் சேர்ந்து நகர்ந்துவிடும், ஆட்டம் எங்கே என்று தெரியாது. சக்கரங்களை நேராக வைத்து, உதவிக்கு வந்தவரை இருக்கையில் அமர்த்தி, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெதுவாக, தளர்வு முடியும் எல்லை வரை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு விளக்கோடு மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். இணைப்பின் மேல் விரலை வைத்தால் கண்ணுக்குத் தப்பும் அசைவும் தெரியும். ஆனால் பினியனும் செக்டரும் கடிக்கும் இடத்தில் விரலை வைக்காதீர்கள். அங்கே பார்வை மட்டும் போதும். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நகராமல் தாமதிக்கும் இடமெல்லாம் தேய்ந்த இடம். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் பட்டதோடு நின்றுவிடாமல் கடைசி வரை போங்கள்.

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் மாட்டும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. பல வண்டிகளில் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி பிளாஸ்டிக். அதன் உட்பற்கள் மழுங்கினாலோ, நடு போல்ட் தளர்ந்தாலோ, குறுக்கே போகும் பின்னின் ஓட்டை பெரிதானாலோ ஸ்டீயரிங் மட்டும் திரும்பும், ஷாஃப்ட் சும்மா நிற்கும். ஷாஃப்ட்டின் மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சில மாடல்களில் ஷாஃப்ட்டின் நடுவே ஒரு யூ ஜாயின்ட் (கோணத்தில் சுழல விடும் மூட்டு) இருக்கும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது, என் கணிப்பில் மிக முக்கியமானது: ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்கள். மேலே ஒன்று, பினியனுக்கு அருகில் கீழே ஒன்று. கீழே உள்ள புஷ் தேய்ந்துவிட்டால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பினியன் செக்டரைத் தள்ளுவதற்குப் பதிலாகத் தானே விலகிப்போகும். பற்களின் நுனிகள் மட்டும் தொட்டுக்கொள்ளும், அப்போது தேய்மானம் பல மடங்கு வேகமெடுக்கும். எடை ஏறும்போது 'டக்' என்று ஒரு பல் தாவுவதும் இதனால்தான். உங்கள் உதவியாளர் ஸ்டீயரிங்கை அசைக்கும்போது பினியன் சுழல்வதை மட்டும் பார்க்காதீர்கள், அது முழுதாகப் பக்கவாட்டில் நகர்கிறதா என்றும் கவனியுங்கள். நகர்ந்தால் புஷ்ஷை மாற்றாமல் புதிய கியர் போடுவது வீண். தேய்ந்த புஷ்ஷின் மேல் பூட்டிய புதிய பினியனும் அதே வழியில், இன்னும் விரைவாகத் தேயும். புஷ்ஷின் விலை கியரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

செக்டரின் சுழற்சி மையத்திலும் இதே கதைதான். அங்கே உள்ள போல்ட்டும் புஷ்ஷும் தேய்ந்தால் செக்டர் தன் எடையால் ஒரு பக்கம் தொங்கிவிடும். அப்போது பல்லின் முழு அகலமும் பினியனோடு சேராது, பாதி அகலம்தான் சேரும். பினியனை உற்றுப் பார்த்தால் பல்லின் ஒரு பாதி கத்திபோல் கூராகவும் மறுபாதி புதிதுபோலவும் இருக்கும். அப்படிக் கண்டால் புஷ்ஷை மாற்றிச் செக்டருக்கு அடியில் தகுந்த கனத்தில் வாஷரோ ஷிம் என்ற மெல்லிய தகடோ கொடுத்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தாலே பெரிய முன்னேற்றம் தெரியும், ஏனென்றால் தேயாத பாதி இப்போது வேலைக்கு வந்துவிடுகிறது. இந்த இடத்தில் வண்டியின் இரும்புச் சட்டத்தையும் துடைத்துப் பாருங்கள். செக்டரைத் தாங்கும் தகட்டில் விரிசல் இருந்தாலோ, அதன் போல்ட்கள் தளர்ந்திருந்தாலோ மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

இப்போது 'இறுக்கினாலே போதும்' என்ற யோசனைக்கு வருவோம். சில மாடல்களில் செக்டரைப் பினியனை நோக்கி நகர்த்த வழி வைத்திருக்கிறார்கள். நீண்ட ஓட்டையில் நகரும் போல்ட் இருக்கும், அல்லது மையம் விலகிய புஷ் இருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. புல் வெட்டும்போது பெரும்பாலான நேரம் வண்டி நேராகத்தான் போகிறது. ஆகவே செக்டரின் நடுவில் உள்ள மூன்று நான்கு பற்கள்தான் தேய்கின்றன, ஓரப் பற்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கின்றன. நடுவில் உள்ள தளர்வு மறையும் அளவுக்கு இறுக்கினால், முழுதாக வளைக்கும்போது ஓரப் பற்கள் பினியனில் சிக்கிக்கொள்ளும். திரும்பிய ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பாது. ஓட்டும்போது இது தளர்வைவிட ஆபத்தானது. ஆகவே இறுக்குவதாக இருந்தால் சக்கரங்களை முழு இடத்துக்கும் முழு வலத்துக்கும் திருப்பி வைத்து, அங்கே பிடிக்காமல் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதன் பிறகும் நடுவில் மிச்சமிருக்கும் ஆட்டம்தான் உண்மையான கியர் தேய்மானம். அது உங்களைத் தொல்லைப்படுத்தும் அளவுக்கு இருந்தால் கியரை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்போது பினியனையும் செக்டரையும் ஜோடியாக மாற்றுங்கள். தேய்ந்த ஒன்றோடு புதிய ஒன்று சேர்ந்தால் பல்லின் வடிவங்கள் பொருந்தாது, புதியது சீக்கிரமே பழையதைப்போல் ஆகிவிடும். கழற்றும் முன் சக்கரங்களை நேராக வைத்து, எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர்ந்திருக்கிறது என்று பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள், இரண்டு மூன்று கோணங்களில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். உதிரிபாகம் வாங்கும்போது வண்டியின் நிறத்தையும் பெயரையும் மட்டும் நம்பாதீர்கள். இருக்கைக்கு அடியிலோ சட்டத்திலோ ஒட்டியிருக்கும் மாடல் எண், வரிசை எண் இரண்டையும் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயரில் விற்ற வண்டிகளிலேயே வெவ்வேறு பற்களுள்ள செக்டர்கள் உண்டு.

பாகம் வந்துசேரும் வரை ஒரு தற்காலிக வழி இருக்கிறது. ஷாஃப்ட்டின் அமைப்பு இடம் கொடுத்தால் பினியனைக் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பி மாட்டலாம். நடுநிலையில் அதிகம் தேய்ந்த பற்கள் விலகி, குறைவாகத் தேய்ந்தவை அங்கே வரும். செக்டரின் தேய்மானம் அப்படியே இருப்பதால் இது நிரந்தரத் தீர்வாகாது.

லிங்க்குகளின் முனைகள் இரண்டு வகை. உருண்டை மூட்டு இருந்தால் அதை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். உருண்டை தன் கிண்ணத்துக்குள் ஆடினால் முனையை மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது பழைய முனை எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள். இரண்டாவது வகையில் கம்பியின் முனையே வளைந்து ஓட்டைக்குள் போய், வாஷரும், கழன்றுவிடாமல் குறுக்கே பூட்டும் காட்டர் பின்னுமாக நிற்கும். இதில் ஓட்டை நீள்வட்டமாகத் தேயும், கம்பியும் ஒரு பக்கம் மெலியும். கம்பியை மட்டும் மாற்றி ஓட்டையை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஓட்டையை வட்டமாகப் பெரிதாக்கி அதில் ஒரு புஷ்ஷை இறுக்கிப் பொருத்துங்கள், அல்லது சரியான உள்விட்டமுள்ள கனத்த வாஷரை அதன் மேல் வெல்டிங் செய்துகொள்ளுங்கள். வெல்டிங் செய்வதானால் பாகத்தை வண்டியிலிருந்து கழற்றி, பெட்ரோல் தொட்டிக்கு வெகு தொலைவில் வைத்துச் செய்யுங்கள். காட்டர் பின், நைலான் பூட்டு நட் இரண்டும் ஒரு முறை கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும். கழன்று விழுந்தால் ஸ்டீயரிங்கே போய்விடும் இடம் இது.

இனி முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஸ்பிண்டில் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் வீல் புஷ் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தோடு ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் ஆக்சிலுக்குள் உள்ள புஷ் தேய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கில் கை உணரும் ஆட்டத்துக்கும் வீல் புஷ்ஷுக்கும் நேரடித் தொடர்பு குறைவு. ஆனால் நேராகப் போகும்போது வண்டி அலைவதற்கு அதுவே பெரிய காரணம். வீல் புஷ் மாற்றுவது இந்த வேலைகளிலேயே எளிது. நுனியில் உள்ள மூடியை எடுத்து, வளையக் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். அது தெறித்துப் பறக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் வந்தன என்று பார்த்து வைத்து, சக்கரத்தை உருவி, பழைய புஷ்ஷை மறுபக்கத்திலிருந்து தட்டி வெளியே தள்ளலாம். பல வண்டிகளில் ஸ்பிண்டிலின் விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. அதே அளவில் பால் பேரிங் கிடைத்தால் அதையே போடுங்கள் என்பது என் பரிந்துரை. வாங்கும் முன் சக்கரத்தின் உட்குழியையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்பிண்டிலே தேய்ந்து மெலிந்திருந்தால் புதிய புஷ்ஷும் ஆடும், அப்போது ஸ்பிண்டிலையும் மாற்ற வேண்டியதுதான்.

ஆக்சிலின் நடுப் பின்னை ஒரு பார்வை பாருங்கள். ஆக்சில் ஏறி இறங்க வேண்டும், முன்னும் பின்னும் நகரக் கூடாது. நகர்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகவே சற்றுத் திரும்பும். இடைவெளியை வாஷரால் நிரப்புங்கள், ஆனால் ஆக்சில் அசைய முடியாத அளவுக்கு இறுக்கிவிடாதீர்கள்.

லிங்க் அல்லது டை ராட் நீளத்தை மாற்றும் வசதி இருந்தால் கடைசியாகச் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு முன் டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். இரு பக்கமும் சமமாக இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதை ஸ்டீயரிங்கின் கோளாறு என்று நினைத்துவிடுவோம். சக்கரங்களை நேராக வைத்து, ஆக்சில் உயரத்தில் இரு டயர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு முறையும் பின்பக்கம் ஒரு முறையும் அளங்கள். முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் சரியான எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முன்பக்கம் அகன்றிருந்தால், எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தாலும் வண்டி நேரே போகாது.

கிரீஸ் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. ஸ்பிண்டிலிலும் சக்கரத்திலும் கிரீஸ் ஏற்றும் சிறு முனை (நிப்பிள்) இருந்தால் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியேறும் வரை புதியதை ஏற்றுங்கள், தாராளமாக. ஆனால் திறந்திருக்கும் கியர் பற்களில் அப்பி வைக்காதீர்கள். மண் ஒட்டிக்கொண்டால் அந்தக் கிரீஸே சாணைக்கல்போல் பற்களை அரைக்கும். துடைத்துச் சுத்தம் செய்து மெல்லிய பூச்சாகக் கொடுங்கள், அடுத்த முறை கொடுக்கும் முன் மறுபடி துடையுங்கள். நைலான் புஷ் உள்ள இடங்களுக்குக் கிரீஸ் வேண்டாம் என்று சில தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. அவசியமென்றால் உலர்ந்த கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும்.

ஆக, உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை: ஸ்டீயரிங் நடு போல்ட், ஷாஃப்ட்டின் கீழ்ப் புஷ், செக்டரின் மையப் புஷ், லிங்க் முனைகள், வீல் புஷ். இவற்றைச் சரிசெய்துவிட்டு மறுபடி விளிம்பில் அளந்து பாருங்கள். புதிய வண்டியிலும் ஓரிரு சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கும், ஆகவே அதைப் பூஜ்யமாக்க முயல வேண்டாம். அந்த அளவைத் தாண்டி நடுவில் இன்னும் தளர்வு இருந்தால் அப்போது கியர் ஜோடியை வாங்குங்கள். வேலை முடியும் வரை சரிவுகளில் வண்டியை ஏற்ற வேண்டாம். ஒரு பல் தாவும் வண்டி சரிவில் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாம் பூட்டிய பிறகு, முன்பக்கம் ஸ்டாண்டில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சில முறை திருப்புங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது, வயரோ குழாயோ எதிலும் உரசக் கூடாது. பிறகு கீழே இறக்கி, கழற்றிய பேட்டரி முனையையும் பிளக் வயரையும் மாட்டி, பிளேடை இயக்காமல் சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். புதிய புஷ்களும் நட்களும் தம் இடத்தில் அமர்வதற்குச் சற்று நேரம் பிடிக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு செக்டர் போல்ட்டையும் லிங்க் நட்களையும் ஒரு முறை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள்.